யாரு வூட்டு புள்ள நீ? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸப்பு எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஊரு, சொந்தம், நாம யாரு, நம்மள சுத்தி இருக்கிறவங்க யாருன்னே வந்திருக்கு. கத்திரி வெயில் நெருங்குது, லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வர்ற நேரம், அதனால கூட இருக்கலாம். சரி, இந்த தடவ அதையே பேசிடுவோம்.

அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் என்னைக் கலாய்க்கிறாங்க. "சாமி இல்லாத கோயிலு, ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, இதான உங்க வேலூரு"ன்னு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. - ஆவடியில் இருக்கும் வேலூர் வாசகர்

தம்பி, இந்தப் பழமொழிய நானும் சின்ன வயசுல இருந்து கேக்குறேன். சொல்றவங்க யாரும் வந்து பாத்துட்டு சொல்றதில்ல, யாரோ சொன்னதை இவங்க சொல்றாங்க. ஒவ்வொண்ணா எடுத்துக்கோ.

சாமி இல்லாத கோயிலுன்றது ஒரு காலத்துல நெசம். பல நூறு வருஷமா ஜலகண்டேஸ்வரர் கோயில்ல மூலவர் இல்ல, லிங்கம் சத்துவாச்சாரில இருந்துச்சு. 1981 மார்ச்ல தான் அதைக் கொண்டாந்து திரும்ப உள்ள வெச்சாங்க. எனக்கு அப்போ எட்டு வயசு. அதுக்கு முன்னாடி எங்க பாட்டி என்னை அந்தக் கோயிலுக்கு கூட்டிட்டுப் போனா கல்யாண மண்டபத்து யாளியையும் குதிரைக்காரனையும் காட்டிட்டு, கர்ப்பகிரகம் பக்கம் போகாம, வெளியவே ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடும். சாமி வந்தப்பறம் ஒரு நாள் போனோம், பாட்டி இடுப்புல சொருகி வெச்சிருந்த கல்பூரத்தை எடுத்து கையில வெச்சுக்கினு ஒண்ணும் பேசாம நின்னுச்சு, ஏத்தவே இல்ல, அப்படியே நின்னுச்சு. "எங்கம்மா பாக்கல, எங்க பாட்டி பாக்கல, நான் பாத்துட்டேன்"னு மட்டும் சொல்லிச்சு. அன்னிக்கு பாட்டி மூஞ்சிய நீ பாத்திருந்தா உன் பிரண்டுங்க கிட்ட என்ன சொல்லணும்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

ராஜா விஷயத்துக்கு வா. கண்டியை ஆண்ட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை 1815ல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு, அப்பறம் குடும்பத்தோட இந்தக் கோட்டைக்குத்தான் கொண்டாந்தாங்க. ஒரு நாட்டோட ராஜா, சொந்த மண்ணை திரும்பப் பாக்காமயே 1832ல இங்கயே செத்தாரு, பாலாத்தங்கரைல முத்துமண்டபத்துல கெடக்குறாரு. திப்பு சுல்தான் குடும்பத்தையும் இங்கதான் வெச்சிருந்தாங்க. ராஜா இல்லாம போனது எங்க, நாட்டை இழந்த ராஜாங்க எல்லாம் இங்கதான இருந்தாங்க, அவங்க வேதனைய இந்த கல்லுங்க பாத்திருக்கு.

தண்ணி இல்லாத ஆறு, அது மட்டும் வலிக்கிற உண்மை. ஆனா 2021 நவம்பர்ல நீ ஊர்ல இருந்தியா? பாலாறு ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடிச்சு, பாலத்து மேல ஜனம் ஜனமா நின்னு பாத்தாங்க, போலீஸ்காரங்க போகச்சொல்லி விரட்டினாலும் யாரும் நகரல. எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நின்னாரு. கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி. ஆத்துல தண்ணி ஓடுறதைப் பாத்து அழுவுற ஊரு இது, இதை உன் ஆபீஸ்ல சொல்லு.

மரம் இல்லாத மலை, சரி, வெயில் காலத்துல நம்ம மலைங்களைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. அதுக்கு பதில் பேச்சுல இல்ல, லீவுக்கு வரும்போது ரெண்டு கன்னு வாங்கிட்டு வா.

பொறந்த ஊரு சொந்த ஊரா, வாழுற ஊரு சொந்த ஊரா? ஒரு வார்த்தைல சொல்லுங்க. - காட்பாடி வாசகர்

ஒரு வார்த்தைல முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க.

எங்க அத்தை வாலாஜாபேட்டைல ஒரே வூட்லதான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து இருக்காங்க. அப்பா அவங்களுக்கு போட்ட கடுதாசி எல்லாம் ஒரு தகர டப்பால வெச்சிருக்காங்க. பழசுல "வட ஆற்காடு மாவட்டம்"னு இருக்கும். 1989ல திருவண்ணாமலை தனியா பிரிஞ்சப்பறம் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்"னு இருக்கும். அப்பறம் "வேலூர் மாவட்டம்". இப்போ 2019ல மூணா பிரிச்சாங்களே, அதுல இருந்து "ராணிப்பேட்டை மாவட்டம்". அத்தை வாசப்படிய கூட மாத்தல, நாலு மாவட்டத்துல வாழ்ந்துட்டாங்க. அவங்களை கேட்டா "எந்த மாவட்டமா இருந்தா இன்னா, தெருக்கோடில பால் ஊத்துறவன் அதே ஆளு பையன் தான், அவன் அப்பன் எனக்கு எவ்ளோ பாக்கி தரணும்னு எனக்குத்தான் தெரியும்"னு சொல்லும்.

நான் அத்தை பக்கம்தான். கணக்கு பாக்கி இருக்கிற இடம் சொந்த ஊரு. நீங்க யாருக்காவது ஏதாவது தரணும், உங்களுக்கு யாராவது ஏதாவது தரணும், அது துட்டா இருக்கலாம், ஒரு கல்யாண மொய்யா இருக்கலாம், ஆஸ்பத்திரில ராத்திரி கண்ணு முழிச்சு பாத்துக்கிட்ட நன்றியா இருக்கலாம். எல்லா கணக்கும் தீந்து போச்சுன்னா பொறந்த வூடே லாட்ஜு மாதிரி ஆயிடும், நான் அப்படி ஆன வூட்டையும் பாத்திருக்கேன்.

ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு எங்க மாமனாருக்கு பயங்கர கோவம் வருது. அவர் சேரை நகத்தி வெச்சதுக்கு ரெண்டு நாள் பேசல. மனுஷங்க ஏன் இப்படி? - சைதாப்பேட்டை வாசகி, வேலூர்

மக்கான் சிக்னல் கிட்ட ஒரு நினைவுத்தூண் நிக்குதே, தெனமும் தாண்டிப் போவீங்க. 1806 ஜூலை 10 விடியக்காலைல கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க எழுந்தாங்களே, அதுக்கு அவங்களைக் கிளப்பி விட்டது பெரிய சட்டமோ வரியோ இல்லம்மா. நெத்தில நாமம், விபூதி வெக்காத, தாடிய எடு, தோலு வெச்ச புது தலப்பாவ போடு, இதான் உத்தரவு. வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது யூனிஃபார்ம் சமாச்சாரம். சிப்பாய்க்கு, அவன் இந்துவா இருந்தாலும் முஸ்லிமா இருந்தாலும், அது நான் யாருன்ற கேள்வி. 1857க்கு 51 வருஷம் முன்னாடி நம்ம ஊர்ல நடந்தது அது, அதுல எத்தனையோ உசுரு போச்சு.

உங்க மாமனார் சேர்ல உக்காந்தா என்ன தெரியும்னு ஒரு தடவ உக்காந்து பாருங்க. வாசலு தெரியும். யாரு வராங்க, யாரு போறாங்கன்னு தெரியும். ரிட்டையர்டு ஆன மனுஷனுக்கு வூட்ல மிச்சம் இருக்கிற வேலையே அதுவா இருக்கலாம், வாசலைப் பாத்துக்கிறது. அதை நகத்தி டிவி பக்கம் திருப்பி வெச்சா, உன்னை வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு அர்த்தம் ஆயிடுது அவருக்கு. பழைய இடத்துலயே போட்டுட்டு ஒரு டம்ளர் காபி கொடுங்க. மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், அவருக்குப் புரியும்.

ஆம்பூர் பிரியாணிக்கு கத்திரிக்காய வெச்சது யாரு? - ஒரு பிரியாணி ரசிகர், வாணியம்பாடி

யாரு வெச்சாங்கன்றதை விட ஏன் ஒட்டிக்கிச்சுன்னு பாருங்க. சீரக சம்பா அரிசி, கறி, நெய்யின்னு எல்லாம் கனமா இருக்குற எலைல புளிப்பும் காரமுமா அது ஒண்ணு வந்து உக்காந்து அடுத்த வாய்க்கு நாக்கை ரெடி பண்ணுது. நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்ல ஒரு தடவ செஞ்சு பாருங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்குன காயி அது. காம்புல முள்ளு குத்தும், பாத்து நறுக்குங்க.

நான் அணைக்கட்டு பக்கம். கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறேன். "இன்னா", "கீது", "போய்க்கினு"ன்னு நான் பேசுனா ரூம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இப்போ பேசவே கூச்சமா இருக்கு, ஊருக்கு போன் பண்ணா கூட வெளிய போய் பேசுறேன். - மாணவி

கண்ணு, இந்தக் கடுதாசியத்தான் நான் மூணு தடவ படிச்சேன்.

எனக்கு 22 வயசுல மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல வேலை கெடச்சுது. மொத வாரம் மேனேஜர் ஏதோ பைலு கேட்டாரு, "தோ கீது சார்"னு எடுத்துக் கொடுத்தேன். அந்த ரூம்ல இருந்த ஒம்போது பேரும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் ஒரு மாசம் என்னை அங்க பேர் சொல்லி யாரும் கூப்பிடல, "தோ கீது"ன்னு தான் கூப்பிட்டாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா, பேச்சை மாத்திக்கிட்டேன். ரேடியோல பேசுற மாதிரி "இதோ இருக்கிறது"ன்னு. அப்பறம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன், எங்க நைனா கிட்ட அதே மாதிரி பேசிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, சாப்டுக்கினு இருந்தவரு தலைய நிமித்தி ஒரு பார்வை பாத்தாரு, வூட்டுக்கு வந்த விருந்தாளிய பாக்குற மாதிரி. அந்தப் பார்வைக்கு அந்த ஒம்போது பேரு சிரிப்பு தேவலாம்.

இப்போ நீ சிரிக்கிறவங்களுக்கு இதைச் சொல்லு. "கொண்டு"ன்றது தான் தேஞ்சு தேஞ்சு நம்ம வாய்ல "கினு" ஆச்சு, அவங்க வாய்ல "கிட்டு" ஆச்சு. ரெண்டும் ஒரே வார்த்தையோட புள்ளைங்க. "இருக்குது"ன்றது நமக்கு "கீது" ஆச்சு. நைனான்றது தெலுங்கு, எல்லைக்கு அந்தாண்ட சித்தூரு, இந்தாண்ட நாம, ரெண்டு பக்கமும் பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்த ஜனம். நாஸ்தா, பேஜாரு, கலீஜு இதெல்லாம் உருது பக்கம் இருந்து வந்தது, ஆற்காடு நவாப்புங்க இருந்த மண்ணு இது, இன்னிக்கும் மேல்விஷாரம், ஆம்பூரு, வாணியம்பாடி தெருவுல நடந்தா காதுல உருதும் தமிழும் சேந்து வந்து விழும். நம்ம வாய்ல இருக்கிறது கொச்சை இல்ல கண்ணு, இந்த வழியா போனவன் வந்தவன் எல்லாரும் விட்டுட்டுப் போனதை பத்திரமா வெச்சிருக்கோம். தெருக்கூத்து பாத்திருப்ப இல்ல, துரியோதனன் படுகளத்துல விழுவுற வரைக்கும் விடிய விடிய ஜனம் உக்காந்து கேக்குதே, அந்தக் கூத்துல கட்டியங்காரன் பேசுறதும் இந்தப் பேச்சுதான், அதைக் கேட்டுத்தான் சிரிச்சு அழுது வளந்தோம்.

பரீட்சைல, இன்டர்வியூல எழுத்துத்தமிழ், இங்கிலீஷு எல்லாம் நல்லா பேசு, அது வேற சட்டை. வூட்டுக்கு போன் பண்ணும்போது மட்டும் ரூமுக்குள்ளயே பேசு. மொத நாலு நாள் சிரிப்பாங்க, அஞ்சாவது நாள் உங்கம்மா என்ன சமைச்சாங்கன்னு அவங்களே கேப்பாங்க.

ரோட்ல யாராவது சண்டை போட்டா நம்ம ஜனம் வேலைய விட்டுட்டு நின்னு பாக்குதே, ஏன்? - லாங்கு பஜார் கடைக்காரர்

தன் வூட்டு சண்டைய நின்னு பாக்க முடியாது, நடுவுல நாமளும் இருப்போம். அதான் அண்ணே.

எங்க மாடி போர்ஷன் காலியா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வர்ற வடநாட்டு, பெங்கால் ஆளுங்க கேக்குறாங்க. சமையல் வாசனை, பாஷை தெரியாது, ஒரு மாசம் ரெண்டு மாசம்னு மாறிக்கிட்டே இருப்பாங்க. விடலாமா வேணாமா? - வேலப்பாடி வாசகி

விடுங்கம்மா. எங்க வூட்ல நடந்ததைச் சொல்றேன், அப்பறம் உங்க இஷ்டம்.

1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்தை கட்டிலோட ஆரம்பிச்ச சி.எம்.சி. ஆஸ்பத்திரி அது, இன்னிக்கு அதைச் சுத்தி கடை போர்டு எல்லாம் பெங்காலில இருக்கு, ஆட்டோக்கார தம்பிங்க "கொதாய் ஜாபேன்" (எங்க போறீங்க)னு பெங்காலிலயே கேக்குறாங்க. அந்தம்மா டாக்டர் ஆனதே ஒரு ராத்திரில மூணு வூட்டுல இருந்து மூணு பேரு வந்து, பிரசவத்துல பொண்டாட்டி சாவுறா, ஆம்பள டாக்டரை உள்ள விட மாட்டோம், நீ வான்னு கூப்பிட்டதால. திண்டிவனத்துல. அவங்க அப்போ டாக்டர் இல்ல, அமெரிக்கால இருந்து வந்த சின்னப்பொண்ணு, இந்த ஊர்லயே தங்கற எண்ணமே இல்லாதவங்க. காலைல மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்கன்னு சேதி. அதுக்கப்பறம் தான் படிக்கப் போனாங்க, திரும்பி வந்தாங்க. நம்ம ஊரு அப்படி, யாரோ வெளியாளு கதவைத் திறந்ததால வந்த பேரு.

எங்க வூட்டுக்கு வந்தது மால்டா பக்கத்துல இருந்து ஒரு குடும்பம். ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து காட்பாடில எறங்கி வந்தாங்க. புருஷனுக்கு கிட்னி. கூட பொண்டாட்டி, அவங்க தம்பி. மொத நாளே அடுப்புல கடுகு எண்ணெய்ய காய வெச்சாங்க, பொகை கெளம்பி மாடிப்படி வழியா எறங்கி கூடம் பூரா நெறஞ்சு போச்சு, எங்கம்மாவுக்கு கண்ணுல தண்ணி வந்து நேரா மேல ஏறிப் போச்சு சண்டைக்கு. பத்து நிமிஷம் சத்தமே இல்ல. நான் போய் பாத்தா அம்மா அங்க தரைல உக்காந்துக்கினு அந்தக்கா அம்மி மேல கடுகு அரைக்கிறதைப் பாத்துக்கினு இருக்கு. "உப்பும் பச்ச மொளகாயும் போட்டு அரைக்குதுடி, இல்லனா கசக்குமாம்"னு என் கிட்ட சொல்லுது. பாஷை தெரியாம எப்படி தெரிஞ்சுக்கிச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவங்க ஏழு வாரம் இருந்தாங்க. டெஸ்ட்டு, ரிசல்ட்டு, திரும்ப டெஸ்ட்டு. அந்தக்காவுக்கு காத்துக்கினு இருக்கிறதே வேலை. ஒரு நாள் சைகைல அம்மா கிட்ட பழைய பொடவை இருந்தா கொடுன்னு கேட்டாங்க. அம்மா நாலு பொடவை கொடுத்துச்சு, ஒண்ணு ஊதா கலர் சுங்குடி, கல்யாணத்துக்கு முன்னாடி கட்டினது, நூலு நூலா போயிருந்துச்சு. அந்தக்கா அதையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஓரத்துல இருந்து நூல உருவி, அந்த நூல வெச்சே சின்ன சின்னதா ஓட்டுத் தையல் போட ஆரம்பிச்சாங்க. காந்தான்னு சொல்வாங்களாம் அவங்க ஊர்ல. வெயிலு தாங்காம மொட்டை மாடி வாட்டர் டேங்கு நெழல்ல உக்காந்து தைப்பாங்க. ஆஸ்பத்திரில கெட்ட சேதி சொன்ன அன்னிக்கு தையலு கோணல் மாணலா போயிருக்கும், நல்ல சேதி வந்த அன்னிக்கு நேரா இருக்கும், பாத்தாலே தெரியும்.

அவரு பொழச்சு ஊருக்குப் போனாரு. கெளம்புற அன்னிக்கு அந்தக்கா அந்த போர்வைய மடிச்சு அம்மா மடில வெச்சுட்டு கால்ல விழுந்தாங்க. அம்மா போய் இப்போ ஆறு வருஷம் ஆச்சு. அம்மா பொடவைன்னு நான் எடுத்து வெச்சது ரெண்டு, அது பீரோல கெடக்கு. ஆனா நான் தெனமும் போத்திக்கிறது அந்த காந்தாவத்தான், கால் பக்கம் ஊதா சுங்குடி புள்ளி இன்னும் தெரியுது, அதுக்கு மேல கோணலா ஒரு விரக்கடை தையலு.

வாடகை எவ்ளோன்னு மொதல்லயே தெளிவா பேசிடுங்க, ஐடி ப்ரூஃப் வாங்கி வெச்சுக்கோங்க, சமையல் ரூம்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க.

ஷார்ஜா வந்து 19 வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ குடியாத்தம் வரேன். தெருவுல நடந்தா யாருக்கும் என்னைத் தெரியல, எனக்கும் யாரையும் தெரியல. இனிமே எதுக்கு வரணும்னு தோணுது அக்கா. - குடியாத்தம் வாசகர், ஷார்ஜா

தம்பி, நீங்க எந்த மாசம் வரீங்க? லீவு கெடைக்கிற மாசம் வருவீங்க, அது எனக்குப் புரியுது. ஒரே ஒரு தடவ வைகாசி ஒண்ணாம் தேதிக்கு டிக்கெட் போட்டு வாங்க. கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு ஊர்ல யாரும் வூட்டுக்குள்ள இருக்க மாட்டாங்க. அம்மன் சிரசு தெருத்தெருவா வரும்போது தேங்கா ஓடைக்கிற சத்தத்துல காது அடைச்சுப் போகும். நீங்க சின்ன வயசுல யார் தோள் மேல உக்காந்து பாத்தீங்க, ஞாபகம் இருக்கா? அந்த தெருவுல, அதே இடத்துல நில்லுங்க. போன் எடுத்து வீடியோ புடிக்காதீங்க, சும்மா நில்லுங்க.

நம்ம ஊர்ல வயசானவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, தெரியாத மூஞ்சிய பாத்தா விட மாட்டாங்க. மோரு குடுக்குற எடத்துலயோ கூழு ஊத்துற எடத்துலயோ ஒரு பாட்டி உங்களை மேலயும் கீழயும் பாத்துட்டு "யாரு வூட்டு புள்ள நீ?"ன்னு கேக்கும். உங்க பேரை சொல்லாதீங்க, அதுக்கு தெரியாது. ஷார்ஜான்னு சொல்லாதீங்க. உங்க தாத்தா பேரை சொல்லுங்க, அவரு என்ன தொழில் செஞ்சாரு, தறியா, பீடியா, தீப்பெட்டியா, எந்த தெருவு, அதைச் சொல்லுங்க. அப்பறம் அந்தப் பாட்டி பேச ஆரம்பிக்கும், உங்களுக்கே தெரியாத உங்க வூட்டு சமாச்சாரம் ரெண்டாவது சொல்லும், அவசரப்படாம முழுசா கேளுங்க. இன்னொரு சொம்பு மோரு ஊத்தும், வேணாம்னு சொல்லிடாதீங்க.